நிலை பார்க்கும் படத்துக்கும் கணக்கு எழுதுங்கள்: கதிர்வீச்சு சிகிச்சைத் துறையினருக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வரும் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளின் மருத்துவர்கள், மருத்துவ இயற்பியலாளர்கள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்கள்.

பார்வைக்கு: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மும்பை.

அன்புடையீர்,

வணக்கம். காரைக்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் வசிப்பவன் நான்; மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு என் ஆச்சிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்து, இங்கிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில், வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் 25 நாட்கள் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றார்கள். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்த அக்காளைத்தான் ஆச்சி என்போம். பிற ஊர்க்காரர்கள் பாட்டி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அந்த 25 நாட்களும் துணைக்குப் போய் வந்தவன் நான்தான். சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆச்சி இன்று வீட்டில் நடமாடிக்கொண்டு, நான் வைக்கும் குழம்பில் புளி தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு உங்கள் துறைக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆகவே இது சிகிச்சையைப் பற்றிய புகார் அன்று. சிகிச்சைக் கதிரைச் செலுத்துவதற்கு முன், நோயாளி சரியான நிலையில் படுத்திருக்கிறாரா என்று பார்ப்பதற்காக எடுக்கும் படங்களாலும் உடலில் கதிர்வீச்சு சேருகிறது. அதை நோயாளியின் ஏட்டில் எழுதுவதில்லை. அந்த ஒரே செய்திக்காகத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அன்றாடம் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியை மேசையில் படுக்கவைத்து, இடுப்பில் மார்க்கர் பேனாவால் போட்ட குறிகளின் மேல் சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் பொருந்தி விழும்படி உடலை நகர்த்துகிறார்கள். (அந்தக் குறிகள் அழிந்துவிடக் கூடாதென்று ஆச்சி ஒரு மாதத்துக்கு மேல் அந்த இடத்தில் சோப்பு போடாமல், துண்டால் துடைக்காமல், தண்ணீரை மட்டும் ஊற்றிக் குளித்தார்கள்.) பணியாளர்கள் வெளியே வந்து கதவை மூடியதும், லினாக் என்று நீங்கள் அழைக்கும் அந்தப் பெரிய கருவியின் இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு கைகள் நீளுகின்றன. ஒன்றில் எக்ஸ்ரே குழாய், எதிரே உள்ளதில் படம் பிடிக்கும் தட்டு. கருவி நோயாளியைச் சுற்றி ஒரு முறை மெல்ல வருகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் சில நூறு எக்ஸ்ரே படங்களை எடுத்து, கணினி அவற்றைச் சேர்த்து ஒரு முப்பரிமாணப் படமாக்குகிறது. இதற்குத்தான் கோன் பீம் சி.டி. என்று பெயர். சிகிச்சையைத் திட்டமிட்டபோது எடுத்த சி.டி. ஸ்கேனோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து, மேசையைச் சில மில்லிமீட்டர் அப்படி இப்படி நகர்த்திய பிறகே சிகிச்சைக் கதிர் பாய்கிறது. கூடத்தில் காத்திருக்கும் எங்கள் மக்களுக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. உள்ளே நடப்பது எல்லாமே அவர்களுக்குக் ‘கரண்ட் வைக்கிறது’தான்.

எனக்கு எதையும் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், குடித்த தண்ணீர், எடுத்த படங்களின் எண்ணிக்கை என்று கோடு போட்டு வைத்துக்கொண்டேன். படங்களின் எண்ணிக்கையை அங்கிருந்த டெக்னீசியன் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் சொன்னார்கள். சிகிச்சை முடிந்த அன்று கூட்டிப் பார்த்தேன்: 25 சிட்டிங், 33 படங்கள். எட்டு நாட்களில் ஒரே நாளில் இரண்டு முறை படம் எடுத்திருக்கிறார்கள். அந்த எட்டில் ஐந்து, சிறுநீர்ப்பை போதிய அளவு நிறையாமலோ மிதமிஞ்சி நிறைந்தோ இருந்ததால். இரண்டு, மலக்குடலில் வாயு நின்றதால். ஒன்று, படம் எடுத்த பிறகு ஆச்சி இருமி நகர்ந்துவிட்டதால்.

கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘50 கிரே, 25 தவணைகள்’ என்று அச்சாகியிருந்தது. (கிரே என்பது உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு.) எந்தக் கருவி, எந்த முறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதும் இருந்தது. 33 படங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படங்களால் சேர்ந்த அளவு எவ்வளவு என்று கேட்டேன். ‘அதெல்லாம் ரொம்பக் கொஞ்சம் சார், கணக்கிலேயே வராது’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கொஞ்சம்தான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கணக்கில் வராது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கூடத்தில் பழகிய ஏழெட்டுக் குடும்பத்தாரின் ஃபைல்களையும் அவர்கள் அனுமதியோடு புரட்டிப் பார்த்தேன். வேறு மருத்துவமனைகளில் முன்பு சிகிச்சை முடித்தவர்களும் அவர்களில் உண்டு. ஒன்றிலும் அந்தக் கணக்கு இல்லை.

கொஞ்சம் என்பது எவ்வளவு? இடுப்புப் பகுதிக்கு எடுக்கும் ஒரு கோன் பீம் சி.டி. படத்தில் உள்ளுறுப்புகள் பெறுவது, கருவியையும் அமைப்பையும் பொறுத்து, ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று சென்டிகிரே. (நூறு சென்டிகிரே ஒரு கிரே.) வயிற்றுக்கு எடுக்கும் வழக்கமான சி.டி. ஸ்கேனில் ஓர் உறுப்பு பெறுவதும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் வரும். தலைக்கு எடுப்பது இதைவிட நன்றாகக் குறைவு. முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே இணை பல மடங்கு குறைவு. எக்ஸ்ரே குழாய் பொருத்தப்படாத பழைய லினாக்குகளில் சிகிச்சைக் கதிரையே சிறிது செலுத்தி எடுக்கும் படமோ, ஒவ்வொன்றும் ஓரிரு சென்டிகிரேயைச் சேர்த்துவிடும். ஆச்சிக்கு எடுத்த 33 படங்களை இந்த வீதத்தில் பெருக்கினால் 33-லிருந்து 99 சென்டிகிரே வரை வருகிறது. அதாவது மூன்றில் ஒரு கிரேயிலிருந்து ஒரு கிரே வரை. 50 கிரே சிகிச்சையோடு ஒப்பிட்டால் இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இதைப் பற்றி 2007-இல் ஓர் அறிக்கையும் (பணிக்குழு எண் 75), 2018-இல் அதைவிட விரிவான ஓர் அறிக்கையும் (பணிக்குழு எண் 180) வெளியிட்டிருக்கிறது. படங்களால் சேரும் அளவு சிகிச்சை அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டுமானால், அதைத் திட்டமிடும்போதே மொத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பின்னதன் பரிந்துரை. ஆச்சி விஷயத்தில் அந்த எல்லை இரண்டரை கிரே. நாம் அதன் அருகில்கூடப் போகவில்லை.

ஆனால் இரண்டு நுட்பங்களை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சிகிச்சைக் கதிர் நோயுள்ள இடத்தைக் குறிவைத்துப் பாய்வது. படத்துக்கான எக்ஸ்ரே அப்படியன்று, அந்தப் படத்துக்குள் அகப்படும் எல்லா உறுப்புகளின் மேலும் பரவலாக விழுவது. அடுத்ததாக, நூறு கிலோவோல்ட்டைச் சுற்றியுள்ள ஆற்றலில் ஒளிமின் விளைவு (கதிரின் ஆற்றலை அணுவின் எலக்ட்ரான் முழுதாக வாங்கிக்கொண்டு வெளியேறுவது) வலுவாக இருப்பதால், கால்சியம் மிகுந்த எலும்பு அக்கம்பக்கத்துச் சதையைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிமின் விளைவை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அது ஆச்சியின் இடுப்பெலும்பில் நடக்கும் என்று அப்போது நினைத்ததில்லை. சதைக்கான எண்ணை மட்டும் சொல்லி இரண்டு விழுக்காடுதான் என்று முடித்துவிடும்போது, எலும்பின் பங்கு சொல்லப்படாமல் நின்றுவிடுகிறது.

இந்தப் படங்களே வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்லன். எங்கள் அப்பச்சிக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) 1980-களில் தொண்டையில் புற்று வந்தபோது கோபால்ட் கருவியில்தான் சிகிச்சை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் மேசையில் படுத்திருக்கும் ஆளைச் சுற்றிப் படம் எடுக்கும் வசதி கிடையாது; தோலில் போட்ட மைக்கோடுதான் வழிகாட்டி. நோயாளி சற்று நகர்ந்தாலும் கட்டி தப்பிவிடக் கூடாதென்று நாலாபுறமும் தாராளமாக இடம் விட்டு, இரு பக்கங்களிலிருந்தும் கதிரைச் செலுத்துவார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டும் அதில் போயின. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு ஆண்டுகளும் சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துத்தான் விழுங்கினார். வெளியே போகும்போதெல்லாம் ஒரு சிறு கூஜாவில் தண்ணீர் கூடவே போகும். இன்றைய ஐ.எம்.ஆர்.டி. முறை, தையற்காரர் உடம்போடு ஒட்டி வெட்டுவதைப் போல, கட்டியின் வடிவத்தை ஒட்டியே கதிரை வெட்டுகிறது. அவ்வளவு ஒட்டி வெட்டும்போது உடல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கட்டி தப்பி, பக்கத்து உறுப்பு அகப்பட்டுக்கொள்ளும். அமெரிக்காவின் மிச்சிகனில் டேவிட் ஜாஃப்ரேயும் உடன் உழைத்தவர்களும் 2002-இல் லினாக்கிலேயே கோன் பீம் சி.டி. எடுக்கும் வழியை விளக்கி எழுதியது இந்தச் சிக்கலுக்கான விடையாகத்தான். அப்பச்சி காலத்தில் அது இருந்திருந்தால் அந்தக் கூஜா தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

தினமும் படம் எடுக்க வேண்டுமா, வாரம் ஒரு முறை போதுமா என்ற கேள்விக்குப் பிரான்ஸ் நாட்டில் 470 புராஸ்டேட் புற்றுநோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2018-இல் அதன் முடிவு வெளிவந்தது. தினமும் படம் எடுத்தவர்களுக்கு மலக்குடல் பாதிப்பு குறைவாக இருந்தது. புராஸ்டேட் நோயும் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. அதே ஆய்வில், வேறு புற்றுநோய்கள் தினப்படக் குழுவில் கூடுதலாகக் காணப்பட்டன. மொத்த உயிர்பிழைப்பும் அந்தக் குழுவில் குறைவாகவே இருந்தது. இதைப் படங்களின் தலையில் கட்டிவிட முடியாது. கதிர்வீச்சால் வரும் திடக்கட்டிகள் தலைகாட்டப் பொதுவாகப் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆகும்; அந்த ஆய்வில் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த காலத்தின் இடைநிலை நான்கு ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும், இப்படி ஒரு முடிவு கையில் இருக்கும்போது, எத்தனை படம், எவ்வளவு அளவு என்று ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதிவைப்பது வெறும் அலுவலகச் சம்பிரதாயம் ஆகாது. இருபது ஆண்டுகள் கழித்து யாராவது இந்தக் கேள்வியை மறுபடி எடுத்தால், பதிவு இருந்தால்தானே விடை காண முடியும்?

எங்கள் ஊர் வீடுகளில் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த காலத்துப் பேரேடுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. பெட்டியடிப் பையன் வாங்கிவந்த தபால் தலைக்கும் அதில் பற்று எழுதியிருக்கும். லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடந்த கடையில் காலணாவை யார் கேட்கப் போகிறார்கள் என்று எவரும் விட்டுவிடவில்லை. ஐந்தொகை போடும்போது அந்தக் காலணாவும் நேராக வேண்டும். 50 கிரேக்கு முன்னால் இரண்டு சென்டிகிரே காலணாதான். அது 33 முறை விழுந்திருக்கிறது.

இன்னொன்று எனக்குக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு பணியாளரின் மார்பிலும் டி.எல்.டி. பேட்ஜ் தொங்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர் பெற்ற அளவை அளந்து, அவர் பெயரில் ஆயுளுக்கும் பதிவு வைக்கிறார்கள். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்று நம் நாட்டில் அவருக்கு வரம்பும் இருக்கிறது. (சீவர்ட் என்பது கதிர்வீச்சால் உடலுக்கு நேரக்கூடிய தீங்கை மதிப்பிடும் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட்.) சுவருக்கு உள்ளே படுத்திருப்பவருக்கு இடுப்பில் எடுக்கும் ஒரே படத்தில் பல மில்லிசீவர்ட் சேரக்கூடும். அதற்குப் பதிவு இல்லை. நோயாளிக்கு வரம்பு விதிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். உயிர் காக்கும் சிகிச்சையில் தேவைதான் வரம்பு, அதுவே உலக நடைமுறை, அது நியாயமும்கூட. வரம்பு இல்லை என்பதால் பதிவும் வேண்டாம் என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது?

அறுபதைக் கடந்த ஆச்சிக்கு இதனால் பெரிதாக எதுவும் ஆகிவிடப் போவதில்லை. அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை என்றுகூடச் சொல்லலாம். அதே கூடத்தில், வயிற்றில் கட்டி வந்த ஒரு நான்கு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தேவகோட்டைப் பக்கத்துத் தம்பதியர் காத்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரும் வருவார். கையில் பள்ளிப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு இருக்கும், திருத்திக்கொண்டே இருப்பார். அந்தக் குழந்தைக்கு முன்னால் எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. வளரும் உடலின் செல்கள் கதிர்வீச்சுக்குக் கூடுதலாக ஆட்படுபவை. உடலும் சிறியது என்பதால் பெரியவர்களுக்கான அதே அமைப்பில் படம் எடுத்தால் உள்ளுறுப்புகளுக்குக் கூடுதலாகவே போய்ச் சேரும். குழந்தைகளுக்கு அளவறிந்து படம் எடுக்கச் சொல்லி 2008-இல் ‘இமேஜ் ஜென்ட்லி’ என்ற இயக்கத்தை அமெரிக்காவில் தொடங்கியதற்கு இதுவே காரணம். அந்த ஆசிரியைக்கோ, மறுபக்க மார்பும் நுரையீரலும் நோயில்லாதவை. சுற்றிவந்து எடுக்கும் படத்தில் அவையும் அகப்படும். தோலின் மேல் வெறும் ஒளியை வீசி உடல் நிலையைக் கண்டறியும் முறையில் கதிர்வீச்சே கிடையாது. அந்த வசதி உள்ள இடங்களில் மார்பகச் சிகிச்சைக்குச் சுற்றுப்படத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள முடியும். இல்லாத இடங்களிலும் தினமும் சுற்றுப்படம்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. எக்ஸ்ரே இணை போதுமா என்று ஒவ்வொருவருக்கும் ஆராய்ந்து முடிவு செய்யலாம்.

நான் கவனித்த அளவில், அப்படி யாரும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. கருவியை நிறுவிய நாளில் உற்பத்தியாளர் போட்டுக்கொடுத்த அமைப்பு திரையில் வரிசையாக இருக்கிறது; ‘இடுப்பு’ என்று இருப்பதைத் தொட்டால் போதும், மெலிந்தவருக்கும் பருமனானவருக்கும் அதே அளவு. இயற்பியல் ஆசிரியன் என்ற உரிமையில் இங்கே ஒன்று சொல்கிறேன். குழாயில் செலுத்தும் மில்லிஆம்பியர் வினாடியை, அதாவது மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவை, பாதியாக்கினால் நோயாளி பெறும் அளவும் பாதியாகும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் மட்டும் 1.4 மடங்கு கூடும். கருப்பைவாய், நீர்ப்பை போன்ற மெல்லுறுப்புகளைப் பிரித்துப் பார்க்கவேண்டிய நாளில் தெளிவு தேவைதான். எலும்பை மட்டும் பொருத்திப் பார்த்தால் போதும் என்ற நாளில் அவ்வளவு தெளிவு எதற்கு? படத்தின் நீளத்தையும் தேவையான அளவுக்குச் சுருக்கலாம். தலைக்கு எடுக்கும்போது முழுச் சுற்று வராமல் பின்பக்கமாக அரைச் சுற்றுக்குச் சற்று மேலாக வந்தாலே படம் கிடைத்துவிடும். கண்வில்லைகளுக்குப் போகும் அளவு நன்றாகக் குறையும். இவற்றில் எதற்கும் புதிதாக ஒரு ரூபாய்க்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. இயற்பியலாளர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். அவருக்கு அந்த ஒரு வாரத்தை நிர்வாகம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இருப்பதே ஒருவரோ இருவரோ என்பதையும் நான் அறிவேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட எளிதாகக் குறைக்கக்கூடியது மறுபடம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது எங்கள் தண்ணீர் பாட்டில் சம்பந்தப்பட்டது.

கருப்பைவாய்க்குக் கதிர் வைக்கும்போது நீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிருக்குத் தப்புகிறது. கருப்பையும் திட்டமிட்ட நாளில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் அடக்கிவைத்திருக்கச் சொல்கிறீர்கள். சரியான அறிவுரை. ஆனால் ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்து வருகிற, குலுங்கும் வண்டியில் அடக்க முடியாதென்று வழியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற, பிள்ளை பெற்ற அறுபது வயதுப் பெண்ணின் உடம்புக்கு அந்த முக்கால் மணிக் கணக்கு ஒத்துவருவதில்லை. வறண்டு வந்த உடம்பு, குடித்த அரை லிட்டரில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்கிறது. நீர்ப்பைக்கு வந்து சேருவது கொஞ்சம்தான்.

என் நோட்டில் பதினோராம் நாளின் பக்கம் இது. டோக்கன் எண் 9. காலை 8.10-க்கு ஆச்சி தண்ணீர் குடித்தார்கள். 8.40-க்குக் கருவியில் ஏதோ கோளாறு என்று சொன்னார்கள். 9.30-க்கு அடக்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். 9.35-க்கு மறுபடி அரை லிட்டர். 9.50-க்கே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே படுக்கவைத்து, படம் எடுத்து, நீர்ப்பை போதாதென்று வெளியே அனுப்பினார்கள். மறுபடி கால் லிட்டர். 10.40-க்கு இரண்டாவது படம், பிறகு சிகிச்சை. வெளியே வந்த ஆச்சி, ‘தம்பி, நான் என்னமோ தண்ணி குடிக்கத் தெரியாதவ மாதிரி அந்தப் புள்ள பாக்குது’ என்றார்கள். அவர்கள் மேல் பிழையில்லை, அந்தப் பெண் மேலும் பிழையில்லை. யாரை எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒரு வரிசையில், முக்கால் மணிக் கணக்கு எப்படி நேராகும்?

நீர்ப்பையின் கொள்ளளவைக் கதிர்வீச்சே இல்லாமல் அல்ட்ராசவுண்டு கொண்டு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்கென்றே கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவிலோ பிரசவப் பிரிவிலோ ஏற்கெனவே ஒன்று இருக்கவும் கூடும். மேசையில் ஏற்றுவதற்கு முன் கூடத்திலேயே ஒரு திரைக்குப் பின்னால் அதை வைத்துப் பார்த்திருந்தால், ஆச்சியின் எட்டு மறுபடங்களில் ஐந்து மிச்சமாகியிருக்கும். கருவியின் நேரமும் மிச்சம். ‘இன்னும் இருபது நிமிடத்தில் உங்கள் முறை’ என்று ஒருவர் வந்து சொல்லும் ஏற்பாடு இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். முதல் நாள் இரவு என்ன சாப்பிடலாம் என்று தமிழில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தால் மலக்குடல் வாயுவும் குறையும். மொச்சையும் உருளைக்கிழங்கும் வைத்து ஆச்சி பிரியமாகச் செய்யும் மண்டி அந்த இரண்டு மறுபடங்களுக்கும் முந்தைய இரவுகளில் எங்கள் வீட்டில் இருந்தது என்பதை நோட்டைப் பார்த்துத்தான் பிறகு கண்டுபிடித்தேன்.

இந்தக் கணக்கை நோயாளியிடம் சொன்னால் பயந்துவிடுவார் என்று ஒரு மருத்துவர் என்னிடம் கவலைப்பட்டார். பயம் ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஐயா. ‘ஸ்கேன் எடுத்து எடுத்தே இன்னொரு கட்டி வந்திருமாமே’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒன்றைக் காட்டிப் பள்ளத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு நாள் படமே வேண்டாம் என்று அடம்பிடித்தார். அவரைச் சமாதானப்படுத்தப் பணியாளர்களிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. நான்தான் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: உங்களுக்கு வைக்கும் கரண்ட் ஐம்பது ரூபாய் என்றால், ஒரு படம் இரண்டு பைசா, அந்த இரண்டு பைசாவைச் செலவழிக்கவில்லை என்றால் ஐம்பது ரூபாயும் தவறான இடத்தில் போய் விழலாம். அவர் யோசித்துவிட்டு, ‘அப்ப எடுக்கட்டும், ஆனா ஒரு தடவைக்கு மேல வேண்டாம்னு சொல்லுங்க’ என்றார். இதைவிடச் சரியாக நானும் சொல்லிவிட முடியாது.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். சிகிச்சை முடிந்து நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில், 50 கிரேக்குக் கீழே, எந்த வகைப் படம், மொத்தம் எத்தனை, தோராயமாக எவ்வளவு அளவு சேர்ந்தது என்ற இரண்டு வரியைச் சேருங்கள். துல்லியமாக வேண்டியதில்லை, கருவி காட்டும் எண்ணும் எண்ணிக்கையும் இருந்தாலே நாளை ஒருவர் கணக்கிட்டுக்கொள்வார். மறுபடங்களைக் காரணத்தோடு மாதம் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கும் இளையவர்களுக்கும் தனி அமைப்பு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தாருக்கு: 1983-இலிருந்து நீங்கள் நடத்திவரும் கண்காணிப்பால்தான் எங்களால் நம்பிக்கையோடு அந்த அறைக்குள் போக முடிகிறது. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், இந்தப் பதிவு இருக்கிறதா என்ற ஒரு கேள்வியையும் உங்கள் படிவத்தில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு நோயாளியின் உறவினரும் நோட்டுப் போட வேண்டியிருக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்றால் அடையாற்றுக்குத்தான் ரயில் ஏறுவார்கள். அங்கே 1954-இல் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இன்று இரண்டு மணி நேரத்தில் லினாக் இருக்கும் ஊருக்குப் போய், அன்றே திரும்பி, வளவில் வந்து படுத்துக்கொள்ள முடிகிறது. அவ்வளவு தூரம் வந்துவிட்ட உங்களிடம்தான் இந்த இரண்டு வரியைக் கேட்கிறேன்.

ஆச்சிக்கு அடுத்த பரிசோதனை தை மாதம். நோட்டையும் கொண்டுவருவேன். கடைசிப் பக்கத்தில் ‘33 படங்கள்’ என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதில் நிரப்பவேண்டிய எண் உங்கள் கணினியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.